தாளிப்புக்கும் தீக்கும் வித்தியாசம் தெரிந்த கருவி

வெளிநாட்டில் குடியேறிய தமிழர் வீட்டுக்குப் போனால் சமையலறைக்கு வெளியே கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி இருக்கும். அதன்மேல் ஒரு ஷவர் கேப்போ பாலித்தீன் பையோ மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் விழுந்த மறுகணமே அலறத் தொடங்கும் ஒரு பெட்டியோடு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது? முதல் தடவை ஜன்னலைத் திறப்பார்கள். அடுத்த தடவை துண்டை எடுத்து வீசுவார்கள். அதற்கும் அடுத்த தடவை நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

பழியை நம் தாளிப்பின்மேல் மட்டும் போட முடியாது. அமெரிக்காவில் வீட்டுத் தீவிபத்துகளில் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேர், புகை அலாரமே இல்லாத வீட்டிலோ, இருந்தும் வேலை செய்யாத வீட்டிலோ இறக்கிறார்கள் என்று அந்நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அலாரம் வேலை செய்யாமல் போனதற்கு முதல் காரணம் பேட்டரி இல்லாதது அல்லது கழற்றப்பட்டது. கழற்றியதற்கு முக்கியக் காரணம் வீண் கூச்சல். தீயைக் கண்டுபிடிப்பதில் இந்தத் தொழில்நுட்பம் பெரிதாகத் தடுமாறியதில்லை. தீ இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அதற்கு வரவில்லை.

இப்போது ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழியோடு விற்கும் புகை அலாரங்களை வாங்குகிறவர்கள், கைப்பேசிக்குத் தகவல் வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசிக் கேள்வியாக வைப்பேன். நாற்காலி போட்டு ஏறும் தேவையை இந்தப் பெட்டி எவ்வளவு குறைக்கிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை காண, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்டியின் பிறப்பிலேயே ஒரு சிகரெட் இருக்கிறது. 1930களின் இறுதியில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். காற்றை அயனியாக்கி அதன் வழியே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், நச்சுவாயு புகும்போது அந்த ஓட்டம் மாறும் என்பது அவர் கணக்கு. வாயுவைப் புகுத்திப் பார்த்தார், முள் அசையவில்லை. வெறுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், முள் அசைந்தது. அதைப் பயன்படக்கூடிய தீயறியும் கருவியாக வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் இன்னொரு சுவிஸ் இயற்பியலாளரான எர்ன்ஸ்ட் மைலி. வேடிக்கை என்னவென்றால், 1960களில் அமெரிக்காவின் கொலராடோவில் நிலைமின்சாரத்தை அடக்கும் கருவி செய்துகொண்டிருந்த டுவேன் பியர்சாலின் கூடத்திலும் ஊழியர் ஒருவர் பிடித்த சிகரெட்தான் அளவுமானியைக் கலக்கியது. பேட்டரியில் ஓடும் வீட்டு அலாரம் அங்கிருந்து வந்தது. உலகத்துக்கு இரண்டு சிகரெட்டுகள் செய்த நன்மை என்று தேடினால் இவை மட்டும்தான் அகப்படும்.

இந்த அயனி வகை அலாரத்துக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் ஒரு கிராமில் கோடியில் சில பங்கு அளவுக்கு இருக்கும். அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை அயனிகளாக உடைக்கின்றன. தகடுகளுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் ஓடுகிறது. புகைத்துகள் உள்ளே வந்தால் அயனிகள் அதில் ஒட்டிக்கொள்ள, ஓட்டம் குறைகிறது, அலாரம் அடிக்கிறது. கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆல்ஃபா துகள் காற்றில் சில சென்டிமீட்டருக்குமேல் போகாது, தோலைத் தாண்டாது. உடைத்து விளையாடாதவரை ஆபத்தில்லை. ஆனால் அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டு, பெட்டியின் ஆயுளோ பத்தாண்டு. பழசானதை எங்கே போடுவது என்ற கேள்வி மிச்சமிருக்கும். இந்தியாவில் இவ்வகைக் கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

இன்னொரு வகை ஒளியால் வேலை செய்வது. ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் விழும் வெயில் கற்றையில் தூசு மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இருட்டான ஒரு சிறு அறை. ஒரு மூலையில் எல்.இ.டி. விளக்கு, அதற்கு நேரெதிராக இல்லாமல் கோணலாக ஓர் ஒளியுணரி. காற்று சுத்தமாக இருந்தால் விளக்கின் வெளிச்சம் நேராகப் போய்விடும், உணரிக்கு எதுவும் தெரியாது. புகை புகுந்தால் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறியதில் ஒரு பங்கு உணரியில் விழும்.

இரண்டுக்கும் குணம் வேறு. பற்றியெரியும் தீயில் வரும் மிகச் சிறிய, கண்ணுக்கு எளிதில் புலப்படாத துகள்களை அயனி வகை சற்று முன்னதாகப் பிடிக்கும். மெத்தையில் விழுந்த பீடித் துண்டு மணிக்கணக்காகக் கனன்று கக்கும் பருமனான வெண்புகையை ஒளி வகை பிடிக்கும். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: எரியும் தீயில் அயனி வகை முந்துகிறது, கனலும் தீயில் ஒளி வகை பல வேளைகளில் வெகுவாக முந்துகிறது. தூங்கும்போது ஆளைச் சத்தமில்லாமல் கொல்லக்கூடியது இரண்டாவது வகைத் தீ. தவிர, அயனி வகைக்குச் சமையல் புகை என்றாலே ஆகாது. வறுக்கும்போது கிளம்பும் நுண்துகள்களைத்தான் அது மோப்பம் பிடிக்கப் பழகியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இந்த விவாதத்தைச் சட்டத்தால் முடித்துவைத்தது. 2011 ஆகஸ்டில் அங்கே ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஒரு வீடு எரிந்து 11 பேர் இறந்தார்கள். வீட்டில் இயங்கும் புகை அலாரம் இருக்கவில்லை. அதையடுத்து வந்த சட்டம் ஒளி வகையையே கேட்கிறது. ஒவ்வொரு படுக்கையறையிலும் கேட்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்கிறது. விற்கும், வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 2022 ஜனவரி முதல். மற்ற வீடுகளுக்கு 2027 ஜனவரிக்குள். ஸ்காட்லாந்தும் 2022 பிப்ரவரியில் இணைப்பு அலாரங்களைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் கட்டப்படும் புது வீடுகளுக்கு அலாரம் கட்டாயம். ஜப்பான் 2006இல் புது வீடுகளில் தொடங்கி 2011க்குள் எல்லா வீட்டுக்கும் விரித்தது. இவ்வளவு அவசரம் ஏன்? வீடுகள் மாறிவிட்டன. அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் ஒரே அளவில் இரண்டு வரவேற்பறைகளைக் கட்டி எரித்துப் பார்த்தது. மரம், பஞ்சு, பருத்தி என்று பழைய சாமான்கள் இருந்த அறை முழுவதும் தீப்பிழம்பாக 29 நிமிடத்துக்குமேல் ஆனது. நுரை சோபாவும் செயற்கை இழைத் திரைச்சீலையும் இருந்த அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்மார்ட் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இந்த இருட்டறைக்குள்தான் தொடங்குகிறது. பழைய அலாரத்துக்கு ஒரே ஒரு கோடுதான் தெரியும்: சிதறும் ஒளி அந்தக் கோட்டைத் தாண்டினால் அலறு. புதியவை சிலவற்றில் அகச்சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு ஒளிகள். பெரிய துகளும் சிறிய துகளும் இவ்விரண்டு ஒளியையும் வெவ்வேறு விகிதத்தில் சிதறடிக்கும். அந்த விகிதத்தை வைத்து, வந்திருப்பது குளியலறை நீராவியா, எண்ணெய்ப் புகையா, நுரை எரிந்த புகையா என்று ஊகிக்க முடியும். கூடவே வெப்பம், ஈரப்பதம், கார்பன் மோனாக்சைடு உணரிகளையும் சேர்த்தால் உள்ளிருக்கும் சிறு கணிப்பான் ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல் நாலு பேரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. எவ்வளவு புகை என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் அது பார்க்கும்.

இதைத் தரவிதியாகவும் ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் யூ.எல். 217 விதியின் எட்டாம் பதிப்பு 2024 ஜூன் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. நுரை மெத்தைப் பொருள் எரியும்போதும் கனலும்போதும் அலாரம் குறித்த அளவுக்குள் அடிக்க வேண்டும். ஆனால் அடுப்பில் ஹாம்பர்கர் இறைச்சித் துண்டுகளை வாட்டும்போது கிளம்பும் புகைக்குக் குறித்த அளவுவரை அடிக்கக் கூடாது. இறைச்சித் துண்டை வைத்து ஒரு பாதுகாப்பு விதி எழுதியிருப்பது கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த புத்திசாலித்தனமான விதி அதுதான். குறை ஒன்றுதான்: மிளகாய் வற்றல் கருகும் நெடிக்கு இன்னும் யாரும் விதி எழுதவில்லை. ஹாம்பர்கரில் தேறிய கருவி வற்றல் குழம்பிலும் தேறும் என்று சத்தியம் செய்ய முடியாது; ஆனால் தேறாத கருவியைவிட நிச்சயம் மேல்.

வீண் கூச்சலை அடக்குவதிலும் எல்லை உண்டு என்பதற்கு நெஸ்ட் புரொடெக்ட் கதை நல்ல உதாரணம். ஐபாட் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த டோனி ஃபடெல் தொடங்கிய நெஸ்ட் நிறுவனத்தின் கருவி அது. 2013இல் வந்த அந்த அலாரம் “வரவேற்பறையில் புகை” என்று மனிதக் குரலில் சொல்லும். பேட்டரியையும் உணரிகளையும் ஒரு நாளில் 400 தடவைக்குமேல் தானே சோதித்துக்கொள்ளும். இரவில் அடியில் நடந்துபோனால் விளக்கு போடும். எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது, கையை ஆட்டினால் அடங்கும் வசதி. துண்டு வீசும் மனிதனைக் கவனித்து உருவாக்கிய யோசனை. ஆனால் நிஜத் தீயில் பதறி ஓடுகிறவர்களும் கையை ஆட்டுவார்கள். அந்த அசைவைக் கண்டு அலாரம் அடங்கிவிடக்கூடும் என்று நிறுவனமே தன் சோதனையில் கண்டது. 2014 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தியது. அடுத்த மாதம் ஏறத்தாழ 4,40,000 கருவிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. கருவிகளைக் கழற்றி அனுப்ப வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. இணையம் வழியே மென்பொருளை மாற்றி அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

இதே நிகழ்ச்சியை இரண்டு விதமாகப் படிக்கலாம். தவறை வீட்டு வாசலுக்கு வராமலே திருத்த முடிந்தது இணைய இணைப்பின் வலிமை. உங்கள் கூரையில் இருக்கும் உயிர்காக்கும் கருவியின் குணத்தை வேறொருவர் எங்கிருந்தோ மாற்ற முடியும் என்பதும் அதே இணைப்பு. 2025 மார்ச்சில், நெஸ்டின் உரிமையாளரான கூகுள் இந்தக் கருவியின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவை காலாவதித் தேதிவரை இயங்கும் என்றது. எல்லோரும் அப்படி மரியாதையாக விடைபெறுவதில்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கருவி நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் தன் சர்வர்களை அணைத்துவிட்டது. ஆகவே கேட்க வேண்டியது இது: வைஃபை போனாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், பெட்டி தன்னந்தனியாகப் புகையை அறிந்து கத்துமா? நல்ல கருவிகள் எல்லாம் கத்தும். அலாரம் அடிக்கும் முடிவு பெட்டிக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். மின்வெட்டில் ரௌட்டர் செத்துப்போகும் நம் ஊரில் இதில் சமரசமே கூடாது.

கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது வேறு விஷயம். அதற்கு இணையம் வேண்டியதில்லை. கீழ்த்தள ஹாலில் புகை வந்தால் மாடிப் படுக்கையறை அலாரமும் சேர்ந்து கத்த வேண்டும். வானொலி அலை வழியாகவோ, ஜிக்பீ, திரெட் போன்ற குறைந்த மின்சாரத் தொடர்பு வழியாகவோ இதைச் செய்யலாம். வைஃபை நிறைய மின்சாரம் தின்னும் என்பதால் பேட்டரியில் ஓடும் அலாரங்களுக்கு இவையே தோது. வெவ்வேறு கம்பெனிப் பொருள்கள் ஒன்றாக வேலை செய்வதற்கான மேட்டர் என்ற பொதுமொழியில் புகை அலாரத்தை 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில்தான் சேர்த்தார்கள். குவீன்ஸ்லாந்தும் ஸ்காட்லாந்தும் கட்டாயமாக்கியது இந்த இணைப்பைத்தான், கைப்பேசிச் செய்தியை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் படுக்கையறையில் கத்த வேண்டும்? தூங்குகிறவருக்கு மூக்கு வேலை செய்வதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2004இல் நடந்த ஆய்வில், ஆழ்ந்து தூங்கியவர்களைப் புதினா மணமும் எழுப்பவில்லை, பிரிடின் என்ற கடும் நாற்றமும் எழுப்பவில்லை. கருகல் வாடை வந்தால் எழுந்துவிடுவேன் என்று சொல்பவர்கள் விழித்திருக்கும்போதுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஜப்பானில் சிலர் வசாபிக் காரத்தைக் காற்றில் தெளித்துத் தூங்குகிறவர்களை எழுப்பும் கருவி செய்து 2011இல் இக்நோபல் பரிசு வாங்கினார்கள். அது மணம் அல்ல, மூக்கையும் கண்ணையும் உறுத்தும் எரிச்சல். நம் மிளகாய் நெடிக்கும் அந்தத் தகுதி இருக்கிறது. யாராவது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். பிரிட்டனின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வில் 34 குழந்தைகளில் 27 பேர் அலாரம் திரும்பத் திரும்ப அடித்தும் எழவில்லை. வழக்கமான அலாரம் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சென்று கத்தும். 520 ஹெர்ட்ஸில் வரும் கனத்த ஒலி காது மந்தமான முதியவர்களையும் குழந்தைகளையும் எழுப்புவதில் மேலானது. ஒஹாயோவின் ஒரு குழந்தைகள் மருத்துவமனை 5 முதல் 12 வயதுவரையுள்ள 176 பேரிடம் சோதித்தது. கீச்சொலிக்கு எழுந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். அம்மாவின் குரலுக்குப் பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கம். அம்மா குரலேதான் வேண்டும் என்பதில்லை, அறியாத பெண்குரலும் அதே வேலையைச் செய்கிறது என்று பின்னர் கண்டார்கள். பேசும் அலாரத்தை ஆடம்பரம் என்று நினைத்திருந்த நான் இதைப் படித்தபிறகு மனம் மாறினேன்.

நம் வீடுகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் தனி வீட்டுக்காரர் புகை அலாரம் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரவிதியும் பேசுவது பெரும்பாலும் கட்டடத்தின் மைய அமைப்பைப் பற்றி. அடுக்குமாடியின் பொது நடையில் நீங்கள் பார்க்கும் டிடெக்டர் தானாகக் கத்தாது. கீழே காவலாளி அறையில் இருக்கும் பேனலுக்குச் செய்தி அனுப்பும், பேனல்தான் மணியடிக்கும். அந்தப் பேனலில் மஞ்சள் விளக்கு நிரந்தரமாக எரிந்துகொண்டிருந்தால், ஏதோ ஒரு பழுதை யாரோ அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சங்கக் கூட்டத்தில் லிஃப்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

சமையலறைக்குள் புகை அலாரம் வேண்டாம். அங்கே வெப்பத்துக்கு மட்டும் அசையும் அலாரம் போதும். 57 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் அடிக்கும், தாளிப்பைப் பொருட்படுத்தாது. எரிவாயுக் கசிவை இவை எதுவும் அறியாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதற்கான தனிக் கருவி தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். கூரையில் மாட்டிய ஒரே பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிற விற்பனையாளரை நம்பாதீர்கள். பூஜை அறை வாசலிலும் மாட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குத் தப்பினாலும் போகி விடியலில் சென்னையில் எந்தக் கருவியும் குழம்பும். நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பொருளும் உண்டு: மின்விசிறி. அதன் காற்று புகையை உணரிக்குப் போகவிடாமல் தள்ளிவிடும். ஒரு மீட்டராவது தள்ளியிருக்கட்டும், ஏ.சி.யின் காற்று வாயிலிருந்தும் அப்படியே.

முன்பில்லாத ஓர் ஆபத்தும் வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அதன் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரி கனன்று நேரம் கொடுப்பதில்லை; புகை வந்த சிறிது நேரத்திலேயே பிழம்பாகும். இதற்கு எந்த ஸ்மார்ட் அலாரமும் முழு மருந்தல்ல. வண்டியை வீட்டின் ஒரே வாசலை மறித்து நிறுத்தி இரவு முழுக்கச் சார்ஜ் போடாமல் இருப்பதுதான் முதல் வேலை. அலாரம் அதற்குப் பிறகு.

வாங்கப் போனால் ஒளி வகையோ இரட்டை ஒளி வகையோ பாருங்கள். பெட்டியில் யூ.எல். 217 அல்லது ஐரோப்பாவின் இ.என். 14604 முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். இணையக் கடைகளில் முத்திரையில்லாத மலிவுச் சரக்கு குவிந்து கிடக்கிறது. பத்தாண்டு ஓடும், கழற்ற முடியாத லித்தியம் பேட்டரி நல்லது. கழற்ற முடியாததே அதன் சிறப்பு. சிறிது நேரத்துக்கு மட்டும் அடக்கும் பொத்தான் கைக்கெட்டும் வகையிலோ கைப்பேசியிலோ இருந்தால் ஷவர் கேப்புக்கு வேலையில்லை. ஒரே அறையுள்ள வாடகை வீட்டில் ஸ்மார்ட் எதுவும் தேவையில்லை, நல்ல சாதாரண அலாரம் போதும். பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடு, அல்லது ஊரில் தனியாக இருக்கும் வயதான பெற்றோர் என்றால்தான் கைப்பேசிச் செய்திக்கு உண்மையான மதிப்பு. அதற்கும் குறுக்குவழி உண்டு. அலாரச் சத்தத்தைக் கேட்டு அடையாளம் காணும் வசதி ஐபோனில் 2020 முதலும், ஹோம்பாட் ஒலிபெருக்கியில் 2023 முதலும் இருக்கிறது. சாதாரண அலாரம் கத்த, ஒலிபெருக்கி அதைக் கேட்டு உங்களுக்குச் சொல்லும்.

மாட்டும் முன் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள தயாரிப்புத் தேதியைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பத்தாண்டு என்பது அந்தத் தேதியிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தான், சில மாதத்துக்கொருமுறை தூசு துடைப்பு. நம் ஊரில் அந்த இருட்டறை குட்டிக் கரப்பானுக்கும் எறும்புக்கும் பிடித்த இடம்.

பிறகு ஒரு நாள் இரவு, பிள்ளைகள் நன்றாகத் தூங்கிய பின், சொல்லாமல் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். யார் எழுகிறார்கள், யார் புரண்டு படுக்கிறார்கள், பாட்டிக்குக் காது கேட்டதா என்று தெரிந்துவிடும். எல்லோரையும் எழுப்பி வாசலுக்கு வந்த பிறகு இன்னொன்றையும் சோதியுங்கள்: கிரில் கதவுப் பூட்டின் சாவி இருட்டில் யார் கைக்குக் கிடைக்கிறது என்பதை.